பற்றுச்சீட்டில் 0.47, கூரையில் 0.31: வயல் வாடிக்கு வந்த கூரைத் தகடு பற்றிய புகார்

உன்னிச்சை வட்டை,
மட்டக்களப்பு.

முகாமையாளர்,
கூரைத் தகடு விற்பனை நிலையம்,
மட்டக்களப்பு.

ஐயா,

இரண்டாவது லோட்டில் வந்த கூரைத் தகடுகளை மாற்றித் தரக் கோரல்

கடந்த ஐப்பசியில் உங்கள் நிலையத்தில் 0.47 மில்லிமீற்றர் தடிப்பும் 12 அடி நீளமும் கொண்ட சிங்க் அலுமினியம் தகடுகளை முழுப் பணமும் கட்டி வாங்கினோம். பாதித் தகடு உடனே வந்தது. கையிருப்பு இல்லை என்று சொல்லி மீதியைக் கார்த்திகையில் அனுப்பினீர்கள். அந்த இரண்டாவது லோட்டில் வந்தது நாங்கள் காசு கட்டிய தகடு இல்லை. மார்கழி மழையோடு அடித்த காற்றில் அதில் பல தகடுகள் ஆணியடியில் கிழிந்து எழும்பிவிட்டன.

தொலைபேசியில் முறையிட்டேன். "கம்பனி பாஸ்மார் போட்ட கூரைக்குத்தான் கரன்ட்டி. நீங்களே ஏறிப் போட்டதுக்கு நாங்க என்ன செய்யிற?" என்றார் உங்கள் உத்தியோகத்தர். தகட்டைப் பற்றி ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

வயலில் காவலுக்குத் தங்கும் அந்த வாடியை நாங்கள் எப்படிக் கட்டினோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அது என் தாய்வழியில் வந்த வயல். வலையிறவுப் பாலம் தாண்டி, ஆயித்தியமலை கடந்து, உன்னிச்சைக்கு அப்பால் கிறவல் பாதை முடிந்த பிறகும் வரம்போரமாகப் போக வேண்டும். கதிர் முற்றும் காலத்தில் யானை வரும். குடும்பத்தில் யாராவது அங்கே தங்கியே ஆக வேண்டும். ஓலைக் குடிசையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனிக் காவல் கிடக்க முடியாது என்றுதான் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமுமாகக் கல்லால் கட்டத் தொடங்கினோம். கூலிக்கு ஆள் பிடித்து அங்கே கூட்டிப் போக எங்களிடம் வசதி இல்லை. என் கணவரும் தம்பியும் அத்திவாரம் வெட்டினார்கள். நானும் மாமியும் அச்சில் கல் அறுத்து, சாக்குப் போட்டு மூடி, வாய்க்கால் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பதப்படுத்தினோம். சீமெந்து மூட்டைகள் உழவு இயந்திரப் பெட்டியில் வந்தன. பாதை புதைந்த நாட்களில் தலையில் வந்தன.

கூரை வேலையில் நாங்கள் கொஞ்சமும் அலட்சியம் காட்டவில்லை. என் அப்பா 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் இந்த மாவட்டத்தில் கூரைகள் பறந்ததைக் கண்ணால் கண்டவர். காற்று முதலில் கைவைப்பது கூரை விளிம்பிலும் மூலையிலும்தான் என்று சொல்லி, அந்த இடங்களில் ஆணியை நெருக்கிப் போட வைத்தார். பனங்கைமரத்தைச் சுவர் வளையோடு இரும்புப் பட்டி போட்டு இறுக்கினோம். ஸ்குரு ஆணி, ரப்பர் வாசர் எல்லாம் உங்கள் கடையில் உங்கள் ஆள் எடுத்துத் தந்தவை. வாடியில் கரண்ட் இல்லாததால் ட்ரில் மெஷின் பற்றரியை ஊரில் சார்ஜ் போட்டுக் கொண்டுபோய்ப் பூட்டினோம்.

இனி நடந்ததைப் பாருங்கள். முகட்டுக்கு வடக்கே போட்டது முதல் லோட். தெற்கே போட்டது இரண்டாவது லோட். மரமும் ஒன்று, ஆணியும் ஒன்று, பூட்டிய கைகளும் ஒன்று. வாடைக்காற்று நேரே வந்து மோதுகிற வடக்குப் பக்கத்தில் ஒரு தகடும் அசையவில்லை. போனது தெற்குப் பக்கம் மட்டும். அங்கேயும் ஆணிகள் கழரவில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்: ஆணி கூரைச் சிலாகையில் இறுகி நிற்கிறது, அதன் தலைக்கடியில் வாசர் அப்படியே இருக்கிறது, சுற்றியிருந்த தகடு மட்டும் கடதாசி போல வட்டமாகக் கிழிந்து மேலே போயிருக்கிறது. பூட்டியது பிழையென்றால் ஆணியல்லவா பிடுங்கி வந்திருக்கும்?

இரண்டு லோட்டிலும் மிஞ்சிய முழுத்தகடு ஒவ்வொன்றை நெல் நிறுக்கும் தராசில் நிறுத்தோம். ஒரே நீளம், ஒரே அகலம். முதலாவது 11 கிலோவுக்கு மேல், மற்றது 7½ கிலோவும் இல்லை. பிறகு இரண்டையும் நகரிலுள்ள ஒரு கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோய் மைக்ரோமீற்றரில் அளந்தோம். முதல் லோட் 0.47. இரண்டாவது 0.31. நிறமும் பூச்சும் ஒன்றுபோல இருப்பதால் கண்ணால் பார்த்து யாரும் பிடிக்க முடியாது. அதனால்தான் தடிப்பைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். 0.47 என்று உங்கள் காசாளரின் கையெழுத்திலேயே இருக்கிறது. யார் பூட்ட வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சீட்டின் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.

மழை இறங்கிய அறையில் இரண்டாம் பசளைக்கு வைத்திருந்த யூரியா மூட்டைகள் கரைந்து ஓடிவிட்டன. பயிருக்குப் பசளை போட வேண்டிய தருணம் அது. கடன்பட்டுத் திரும்ப வாங்கினோம். அந்தச் செலவையும் கேட்கிறேன்.

இன்ன பொருள் என்று விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இந்த நாட்டில் இருக்கிற விதி. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். அதைக் கடத்துவதற்காக என்னை இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலைய விட வேண்டாம்.

இரண்டாவது லோட்டில் வந்த எல்லாத் தகட்டையும், கிழியாமல் இருப்பவை உட்பட, 0.47 தகடாக மாற்றித் தாருங்கள். தகட்டை இறக்கும்போது எங்கள் முன்னிலையில் அளந்து காட்ட வேண்டும். உங்கள் லொறி கிறவல் பாதையோடு நின்றுவிடும். அங்கிருந்து வாடி வரை உழவு இயந்திரக் கூலி உங்களுடையது. கரைந்துபோன யூரியாவின் பெறுமதியையும் தர வேண்டும். பூட்டுகிற வேலையை நாங்களே செய்துகொள்வோம், முன்பு செய்தது போலவே. தங்கள் கையாலேயே வீடு கட்டுகிற குடும்பங்கள் எங்கள் படுவான்கரைப் பகுதியில் நிறைய. அவர்களிடம் இனியும் "நீங்களே போட்டது" என்ற பதிலைச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் ஆட்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியோடு அதிகாரசபைக்குப் போவேன். கிழிந்த தகடுகளை இன்னும் கழற்றவில்லை. மேலே தறப்பாள் மட்டும் விரித்துக் கட்டியிருக்கிறோம். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், மைக்ரோமீற்றரையும் கொண்டு வரட்டும். வரும் நாளை முதல்நாளே அறிவித்தால் என் தம்பி ஆயித்தியமலையில் நின்று கூட்டி வருவான். பற்றுச்சீட்டின் பிரதி, இரண்டு தகட்டையும் அளந்த படங்கள், ஆணியடிக் கிழிசலின் படங்கள், யூரியா வாங்கிய சீட்டு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்.