சிறிய அணுகுண்டும் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகில் ஏற்கெனவே சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. இன்னும் புதிதாக எதற்கு? அதிலும் ‘குறைந்த ஆற்றல்’ குண்டுகள்தான் எனக்கு அதிக அச்சம் தருகின்றன. அமெரிக்கா நீர்மூழ்கிக் கப்பல்களின் ட்ரைடென்ட் ஏவுகணைகளில் பொருத்திய டபிள்யூ76-2 என்ற அணுகுண்டு சுமார் 5 கிலோடன் (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்) என்கிறார்கள். ஹிரோஷிமாவை அழித்தது சுமார் 15 கிலோடன். மூன்றில் ஒரு பங்குதானே என்று யாராவது நிம்மதி அடைய முடியுமா? அதே ஏவுகணை பல மடங்கு பெரிய குண்டையும் சுமக்கும். பறந்து வருவது எது என்று எதிர்த்தரப்புக்கு எப்படித் தெரியும்? சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியவர்கள் பெரியது என்றுதான் நினைப்பார்கள். பதிலடியும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

‘அவர்கள் செய்கிறார்கள், நாங்களும் செய்கிறோம்’ என்று எல்லாத் தலைநகரங்களிலும் சொல்கிறார்கள். 1970 முதல் நடைமுறையில் உள்ள அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு, ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேசச் சொல்கிறது. அதில் கையெழுத்திட்டவர்களே புதிய குண்டு செய்வது என்ன நியாயம்? 2017இல் ஐ.நா.வில் 122 நாடுகள் அணு ஆயுதங்களை முழுவதுமாகத் தடைசெய்யும் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தன. அணு ஆயுத நாடுகள் ஒன்பதில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. அவை முதலில் புதிய குண்டுகளுக்கான நிதியை நிறுத்தட்டும். அப்புறம் பேச்சுவார்த்தைக்கு உட்காரட்டும்.