ஐந்து மில்லி

தஞ்சாவூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கோமு,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு எழுதவே இல்லை. போனில்தான் பேசினோமே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாய், போன் உனக்குக் கணக்கிலேயே சேராது. திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அண்ணனுக்கு முட்டிவலி எப்படி? தைலத்தை மூட்டை கட்டிவிட்டு டாக்டரிடம் போகச் சொல்.

ஜெர்மனியிலிருந்து வந்த என் பெண் ஒரு எலக்ட்ரானிக் தராசை வைத்துவிட்டுப் போனாள். ஒரு கிராம் கூடினாலும் எண் மாறும். வீட்டில் இன்னும் நிறுக்காதது இவர் ஒருவரைத்தான்.

லிட்டர் குவளை நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஏறக்குறைய 1000 கிராம். தற்செயல் இல்லையாம். 1795இல் பிரெஞ்சுக்காரர்கள் கிராமையே தண்ணீரை வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தில் அடங்கும் தண்ணீர் ஒரு கிராம். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள பெட்டி என்றால் ஒரு லிட்டர், ஒரு கிலோ. அரைப்படி டீச்சர் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொன்னது இதைத்தான். தண்ணீருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று அவர் சொன்னபோது நீயும் நானும் ஜன்னல் வழியே எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று உனக்குத் தெரியும்.

அடுத்து நல்லெண்ணெய். அதே குவளை, 900 சொச்சம்தான். புடவையை மாற்றிக்கொண்டு செக்குக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அந்த மனிதர் சிரிக்கக்கூட இல்லை. “நீங்க லிட்டர் கேட்டீங்க, ஊத்தினேன். இப்ப கிலோ கேக்கறீங்களேம்மா” என்றார். வழியெல்லாம் வெட்கம். வீட்டுக்கு வந்து கடை எண்ணெய்க் கவரைப் பார்த்தால் 1 லிட்டர், 910 கிராம் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. எண்ணெய் சூட்டில் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6. ஆகவே ‘60 டிகிரியில் ஒரு லிட்டர்’ என்று அச்சடித்துவிட்டால் குறைத்துப் போட்டும் பொய் சொல்லாமல் இருக்கலாம்! 2022இல் அரசு, டிகிரி எல்லாம் போடாதே, எடையையும் சரியாகப் போடு என்று சொல்லிவிட்டது.

பால் 1030 காட்டியது. தேன் 1400, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. எட்டாவது படிக்கும் பேரன் எட்டிப் பார்த்து, “பாட்டி, எடை வேற, நிறை வேற. நிலாவுல இங்க 60 கிலோ காட்டுற ஆளு அதே தராசுல 10தான் காட்டுவாரு. ஆனா ஆளு அப்படியேதான் இருப்பாரு” என்றான். ஆள் இளைக்க மாட்டாரா என்று கேட்டேன். மாட்டாராம். அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போகிறார்கள்?

இந்தத் தராசு வந்ததே என் மைசூர்பாகால்தான். கடலைமாவு ஒன்று, சர்க்கரை இரண்டு என்று பெண்ணுக்குப் போனில் சொன்னேன். அவள் ஊர்ப் பழக்கத்தில் மாவு 100 கிராம், சர்க்கரை 200 கிராம் என்று நிறுத்துப் போட்டிருக்கிறாள். வந்தது மைசூர்ப்பொடி. என் 200 மில்லி டம்ளரில் மாவை அள்ளினால் 80 கிராம், தட்டித் தட்டி நிரப்பினால் 100க்கு மேல். சர்க்கரை 170. அதாவது நான் ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று இத்தனை காலம் போட்டது தராசில் ஒன்றுக்கு நாலு!

தராசு வந்ததால்தான் எனக்கு இந்தப் பைத்தியம் என்று இவர் நினைக்கிறார். இல்லை கோமு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் பேத்திக்குக் காய்ச்சல். ஒன்பது கிலோ குழந்தை. பாராசிட்டமால் சிரப் ஐந்து மில்லி என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீர்ந்துவிட்டதால், மருந்துக் கடையில் பெயரை மட்டும் சொல்லி இன்னொன்று வாங்கி வந்தது நான்தான். அதே நிறம், அதே வாசனை. ராத்திரி இரண்டு மணிக்கு மூடியில் ஐந்து மில்லிக் கோடு வரை ஊற்றி, குழந்தை வாயருகே கொண்டுபோய்விட்டேன். மருமகள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, “அத்தை, நிறுத்துங்க” என்று கத்தினாள்.

பழைய பாட்டிலில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். இதில் ஐந்து மில்லிக்கு 250. மூடியில் கோடு அதேதான், உள்ளே மருந்து இரண்டு மடங்கு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்குமாம். அதை வாங்கி வந்திருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது தேவலை.

இரண்டு பிள்ளைகளை மூடியும் சங்கும் வைத்தே வளர்த்த கை இது. எத்தனை முறை இப்படித் தப்பியிருக்கிறதோ.

உன் பெண் வீட்டிலும் சின்னது இருக்கிறதே. மருந்து மாற்றும்போதெல்லாம் ‘5 மில்லியில்’ என்று போட்டிருக்கும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல். கண்ணாடி இல்லாமல் நீ ஊற்றவே ஊற்றாதே.

மைசூர்பாகு அளவைப் பெண்ணுக்குக் கிராமில் எழுதி அனுப்ப வேண்டும். நெய் மட்டும் பாக்கி. உன் கணக்கு ‘கை தாராளம்’ என்றால் எத்தனை கிராம் என்று நிறுத்து எழுது.

உன்,
ரேவதி