ஆயாவை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகள் பாசம் அறியாமல் வளர்கின்றன என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். அவிநாசி வட்டாரத்தில் 26 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள் நான். அவருடைய கவலையில் நியாயம் உண்டு. ஆனால் பழியைத் தாயின் தலையில் போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பால் கொடுப்பவரிடம்தான் குழந்தை ஒட்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் ஒன்றும் மெத்தென்ற துணி சுற்றி ஒன்றுமாக இரண்டு பொம்மைத் தாய்களை வைத்துப் பார்த்தார். பால் கம்பிப் பொம்மையிடம் இருந்தபோதும், குட்டிகள் குடித்து முடித்ததும் துணிப் பொம்மையிடமே ஓடிப் போய் ஒட்டிக்கொண்டன. (அந்தக் குட்டிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஆய்வாளர்கள் ஷாஃபரும் எமர்சனும் 1964இல் வெளியிட்ட ஆய்வும், அதிக நேரம் உடன் இருப்பவரைவிட, அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனுக்குடன் மறுமொழி தருபவரிடமே குழந்தை பற்றுக் கொள்கிறது என்றும், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் ஒட்டிவிடுகின்றன என்றும் காட்டியது. அம்மாவைப் பெற்ற அம்மிச்சி தூரித் தொட்டில் ஆட்ட, தாத்தாவான அப்பிச்சி தோளில் போட்டுக்கொண்டு களத்தில் நடக்க, மாலையில் அம்மாவைக் கண்டதும் தாவும் நம் ஊர்க் குழந்தைக்கு இது புதிய செய்தி அன்று.

ஆனால் அம்மிச்சி ஊரில் இருக்க, மகளும் மருமகனும் திருப்பூரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் காலம் இது. பிறந்த சில நாள்களிலேயே தாயின் குரலையும் மணத்தையும் இனம் காணும் குழந்தைக்கு, 'இவர் இல்லாமல் ஆகாது' என்னும் பற்று ஏழெட்டு மாதத்தில்தான் உறுதிப்படுகிறது. வேற்று முகம் கண்டு மிரள்வதும் தாய் நகர்ந்தால் வீறிடுவதும் அப்போதுதான். 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கொண்டுவந்த பேறுகால விடுப்போ 26 வாரம். அதிலும் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடலாம். ஆக, குழந்தை ஆளைத் தேடத் தொடங்கும் நேரத்தில் தாய் ஷிப்டுக்குத் திரும்பியிருப்பாள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்பதும் அதே திருத்தம் கொண்டுவந்த விதிதான். பணி ஓய்வுக்குப் பின் அப்படிப்பட்ட காப்பகம் ஒன்றுக்குச் சில மாதங்கள் போய்வந்தேன். சுவரில் படங்கள், தரையில் பாய், வேளைக்குப் பால் என எதிலும் குறையில்லை. ஆனால் நான்கு மாதத்தில் மூன்று ஆயாக்கள் மாறினார்கள். இரண்டாமவர் போன பிறகு, பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று கதவையே பார்த்தபடி இருந்தது. பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டது. 'சமர்த்தாகிவிட்டது' என்றார் மேற்பார்வையாளர். எனக்கு அது சமர்த்தாகத் தோன்றவில்லை.

பற்றுக் கோட்பாட்டை வகுத்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் பௌல்பிக்கு ஏறக்குறைய நான்கு வயதானபோது அவரை வளர்த்த செவிலி வேலையை விட்டுப் போனார். அந்த இழப்பை, ஒரு தாயை இழப்பதற்கு இணையாகவே அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆயாவை மாற்றுவது ஒரு நிர்வாகத்துக்குச் சாதாரணக் காரியமாக இருக்கலாம்; குழந்தைக்கு அப்படி அல்ல.

எனவே காப்பகம் நடத்தும் தொழிலதிபர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கைக்குழந்தையை ஏற்கும் ஆயா, அது நடந்து பேசும் வரையிலாவது அதே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். நான் பார்த்த மூவரில் இருவர் அதே கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குத்தான் மாறிப் போனார்கள், அங்கே சம்பளம் கூடுதல் என்பதால். அந்த வித்தியாசத்தை ஆயாவுக்கே கொடுத்திருந்தால் இருவரும் காப்பகத்திலேயே இருந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.