டன் கணக்கை விடுங்கள்: எங்கள் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும், துணைத் தலைவர் அண்ணனுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், ஆணையர் ஐயாவுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். ‘பசுமை நகரம், நம் பெருமை’ என்று ஊரெல்லாம் தொங்கியதே, அந்த நாற்பது பதாகைகளும் என் மெஷினில் அடித்தவைதான். பணம் ஒழுங்காக வந்துவிட்டது, அதில் குறையில்லை. விழா முடிந்த மூன்றாம் நாள் அவற்றில் ஏழெட்டு, குளத்தங்கரைக் குப்பைக் கிடங்கில் கிடந்ததைப் பார்த்தேன். பிளெக்ஸ் என்பது பிவிசி. மக்காது, எரித்தால் நச்சுப் புகை. அடித்தவனுக்கு இது தெரியாதா? ஆகவே யோக்கியன் ஒருவன் உபதேசம் செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்க் குப்பையைப் பற்றிப் பங்காளி எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. படித்தால் உங்களுக்கு எந்த ஊர் என்று தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் படித்தால் அவர்கள் ஊர் என்றே நினைத்துக்கொள்வார்கள், அதுவும் சரிதான்.

இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். பச்சை வாளி, நீல வாளி எல்லாம் இருக்கிறது. பேட்டரி வண்டியிலும் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒருநாள் வண்டி கொண்டுவரும் அக்காவிடம், இதெல்லாம் எங்கே போகிறது என்று சும்மா கேட்டேன். “அண்ணே, நீங்க பிரிச்சுக் குடுக்குறீங்க, நானும் பிரிச்சுத்தான் வாங்குறேன். அங்க போனா ரெண்டையும் ஒரே லாரியில கவுத்துடுறாங்க. நான் என்ன பண்ண?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அன்று மாலை என் மனைவி பச்சை வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “இனிமேல் ஒரே வாளி போதும்” என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பதில் எங்கே கிடைத்தது தெரியுமா? குப்பை அள்ளும் டெண்டர் தாள்களை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்ஸ் எடுப்பவன் படிக்கக் கூடாது என்று சட்டமில்லையே. கட்டணம் டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருந்தது. கிடங்கு வாசலில் எடைமேடை, லாரி ஏறும், எடை பதிவாகும், அதற்குப் பில். அவ்வளவுதான் கணக்கு.

இந்த ஒரு வரியில்தான் எல்லாம் கெடுகிறது என்பது என் எண்ணம். வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி சமையலறைக் கழிவு. காய்த்தோல், எச்சில் இலை, மிஞ்சிய சாம்பார் என்று பார்த்தால் அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவதற்கு நாம் டன் கணக்கில் கூலி கொடுக்கிறோம். மழை நாளில் மழைக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். வார்டிலேயே ஈரக் குப்பையை உரமாக்கினால் லாரியில் எடை குறையும், எடை குறைந்தால் பில் குறையும். இப்படி இருக்கும்போது பிரித்துக் கொண்டுபோக எந்த ஒப்பந்ததாரருக்கு மனசு வரும்? அவரைத் திட்டி என்ன பயன். எடைக்குக் காசு கொடுத்தால் எடைதான் வரும்.

எங்கள் வார்டில் நகராட்சி கட்டிய உரக்கூடம் பூட்டிக் கிடப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தொட்டி, கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கிறது. உள்ளே இப்போது பழைய நிழற்குடைத் தகரமும் கொசுப்புகை அடிக்கும் பழுதான மெஷின் இரண்டும் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஆலப்புழைக் கதையைச் சொல்ல வேண்டும். பக்கத்து மாநிலம், நம்மைப் போல் நகராட்சிதான். அந்த ஊர்க் குப்பை பக்கத்தில் உள்ள சர்வோதயபுரத்தில் போய்க் கொட்டப்பட்டது. 2012-இல் அங்கிருந்த மக்கள் இனிமேல் எங்கள் ஊருக்குள் லாரி வராது என்று மறித்துவிட்டார்கள். ஆலப்புழை நாறிப்போனது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர், படகு வீடுகள் நிற்கும் ஊர், தெருவெல்லாம் குப்பை. வேறு கிடங்கு தேடி அலைவதற்குப் பதிலாக அவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். அப்போது அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் இதில் முன்னால் நின்றார். ஈரக் குப்பை உண்டாகிற இடத்திலேயே அல்லது அதற்கு மிக அருகில் முடிந்துபோக வேண்டும், நகராட்சி அதை அள்ளாது என்று முடிவு. வீடுகளுக்கு மானிய விலையில் சாண எரிவாயுக் கலன் மாதிரி ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் சின்னக் கலன்களும், குப்பையைப் போட்டு உரமாக்கும் உரக்குழாய்களும் கொடுத்தார்கள். இடமில்லாத வீட்டுக்காரர்களுக்குத் தெருவோரம் ‘தும்பூர்மூழி’ தொட்டிகள் வைத்தார்கள்.

அந்தத் தொட்டியில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. நாலடிக்கு நாலடி, காற்று போக இடைவெளி விட்ட சுவர். அடியில் சாணம், மேலே காய்ந்த இலை, அதன் மேல் குப்பை, மறுபடி சாணம், மறுபடி இலை. காற்று போவதால் நாற்றம் வராது, உள்ளே சூடு 60, 70 டிகிரி வரை ஏறும், அந்தச் சூட்டில் புழுவும் கிருமியும் நிற்காது. நிறைந்த தொட்டியை மூடி வைத்தால் 90 நாளில் உரம். கிடங்கில் இதே குப்பை காற்றில்லாமல் அழுகுகிறது, மீத்தேன் வருகிறது. ஒவ்வொரு மே மாதமும் நம் கிடங்கில் தீப்பிடிக்கும்போது யார் வைத்தார்கள் என்று கேட்கிறோமே, யாராவது ஒரு பீடி போட்டிருந்தாலும் அது தீயாக வளர்ந்ததற்கு எரிபொருள் நம் வீட்டுச் சோறுதான்.

2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நன்றாகக் கையாளும் உலக நகரங்கள் என்று ஐந்தைச் சொன்னபோது ஒசாகா, பினாங்கு போன்ற ஊர்களோடு ஆலப்புழையும் இருந்தது. லாரியை மறித்த சர்வோதயபுரத்துக்காரர்களுக்கு யாராவது பொன்னாடை போர்த்தினார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

நானும் வீட்டில் உரக்குழாய் வைத்துப் பார்த்தேன். எட்டு அங்குல பிவிசி குழாய் இரண்டு, ஒரு மாதம் இதில், மறு மாதம் அதில். முதல் முறை முழுத் தோல்வி. ரசம், மோர் என்று எல்லாவற்றையும் ஊற்றியதில் புழு வைத்து, நாற்றம் அடித்து, எதிர் வீட்டு அத்தை என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஈரத்தை வடித்துவிட்டுப் போடுவது, கூடவே ஒரு கை தேங்காய் நார்த்தூள் தூவுவது என்று பழகிய பிறகு சரியாகிவிட்டது. ஆக, இது எளிதல்ல. ஆள் வந்து சொல்லித்தர வேண்டும், முதல் மூன்று மாதம் வீடு வீடாக வர வேண்டும். பதாகை வைத்தால் வேலை நடக்காது. பதாகை அடிக்கிறவனே சொல்கிறேன்.

அதனால் வீடுகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பது என் யோசனை. காய்கறிச் சந்தை, கல்யாண மண்டபங்கள், பெரிய ஓட்டல்கள், இவற்றை முதலில் பிடியுங்கள். நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர்களை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தனியாகப் பிரித்து, அவர்களுக்கென்று பொறுப்புகளைச் சொல்லிவிட்டன. ஒரு முகூர்த்த நாளில் நம் ஊர் மண்டபங்களில் விழும் வாழை இலையை மட்டும் மாட்டுக்கும் உரத்துக்கும் பிரித்துவிட்டாலே கிடங்குக்குப் போகும் லாரியில் வித்தியாசம் தெரியும். மண்டபக்காரர்கள் உங்களுக்கு வேண்டியவர்கள் என்பதால் அது கஷ்டம் என்றும் எனக்குத் தெரியும்.

பிறகு டெண்டரை மாற்றுங்கள். டன்னுக்குப் பதிலாக, பிரித்து வாங்கிய வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். கிடங்கு வாசலில் இருக்கும் அதே எடைமேடையில் ஏறும் லாரியில் ஈரக் குப்பை கலந்திருந்தால் பில்லில் பிடித்தம் செய்யலாம். உலர் குப்பை விற்ற காசைத் தூய்மைப் பணியாளர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் நகராட்சிகள் நம் மாநிலத்திலேயே உண்டு. சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்ற ஊரில் மகளிர் குழுவினர் வீடு வீடாக வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து வகை வகையாகப் பிரித்து விற்றார்கள். ஊரின் பழைய கிடங்கு பூங்காவாகிவிட்டது. அந்த முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் வேலூர் சீனிவாசன். வேலூரிலிருந்து சத்தீஸ்கருக்குப் போன யோசனை நம் ஊருக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும்?

காசைச் சரியான இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரியைப் பாருங்கள். டாஸ்மாக் பாட்டில்கள் காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழிக்கின்றன என்று எத்தனையோ விழிப்புணர்வு நடந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதத்திலிருந்து பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்துவிட்டன. குடித்தவர்கள் ஒரே இரவில் இயற்கை ஆர்வலர்களாகவா மாறிவிட்டார்கள்!

குப்பையைப் பற்றியே இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் குளம். கிடங்கு குளத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. மழை பெய்தால் கறுப்புச் சாறு நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. போதாததற்கு வரத்து வாய்க்கால் இப்போது மூன்று தெருவின் சாக்கடை. போன வருடம் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டீர்கள், விளக்குக் கம்பம் வைத்தீர்கள், ஊர்ப் பெயரை இதயப் படத்தோடு எழுதி ஒளி எழுத்தும் வைத்தீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தால். அந்தச் செலவில் பாதியில் வாய்க்காலின் சாக்கடை வாய்களை அடைத்து வேறு வழி திருப்பி, மதகையும் கலிங்கையும் சரி செய்திருக்கலாம். இரவில் கழிவுநீர் லாரி ஓடையில் வந்து திறந்துவிடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. கருங்குழி பேரூராட்சியில் 2017-லேயே இப்படி லாரியில் வரும் செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்துவிட்டது. பேரூராட்சியால் முடிந்தது.

மரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பேவர் பிளாக்கைத் தண்டு வரை கொண்டுபோய் ஒட்டாதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே டெல்லிக்கு உத்தரவு போட்டது. புதிதாக நூறு கன்று நட்டுப் புகைப்படம் எடுப்பதைவிட, பள்ளிக்கூடத் தெருவில் கழுத்து நெரிபடும் பதினொரு புங்க மரங்களுக்கு மூச்சு விட இடம் கொடுங்கள். ஆணி அடித்த விளம்பரத் தகடுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு நான் அடித்தவை, நானே வந்து எடுத்துவிடுகிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டமல்ல. அடுத்த நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஒரே ஒரு வரி: இந்தத் தேதிக்குப் பிறகு சந்தை, மண்டபம், ஓட்டல் ஈரக் குப்பை கிடங்குக்குள் போகாது, அதற்கேற்ப ஒப்பந்தம் திருத்தப்படும். தேதியை நீங்களே வையுங்கள். அப்புறம், வார்டு மக்கள் உட்கார்ந்து குறைகளைப் பேசும் ஏரியா சபையை உண்மையாகவே கூட்டுங்கள். 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுக்க ஆரம்பித்தபோது எங்கள் வார்டிலும் நாற்காலி போட்டார்கள். அதன் பிறகு அந்த நாற்காலிகளை நான் கல்யாணங்களில்தான் பார்க்கிறேன்.

பிளெக்ஸ் மெஷின் வாங்குவதற்கு முன்னால் நான் போர்டு எழுதுகிறவன். 1991-இல் நகராட்சிக்காகக் குளத்தங்கரையில் ‘இங்கு சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது’ என்று எழுதினேன். அந்தத் தகடு துருப்பிடித்து இன்னும் நிற்கிறது. இந்தத் தீர்மானம் நிறைவேறினால் அறிவிப்புப் பதாகை வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். காடாத் துணியில் கையாலேயே எழுதித் தருகிறேன். பெயிண்ட் செலவு மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
குளத்தங்கரைத் தெருவில் குடியிருக்கும்
பிளெக்ஸ் கடைக்காரன்