உடற்பயிற்சிக் கூடங்களில் அறிவுரைக்கு முன் கேள்வி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழகத்தின் சிறு நகரங்களில்கூட இன்று இரண்டு மூன்று உடற்பயிற்சிக் கூடங்கள் இயங்குகின்றன. இளைஞர்கள் மட்டுமல்லாமல், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள நடுத்தர வயதினரும், எடையைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னதன் பேரில் வரும் பெண்களும் அவற்றில் சேர்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், வீட்டுக்கு அருகில் உள்ள கூடம் ஒன்றுக்கு இன்றும் சென்று வருகிறேன். அங்கே அறிவுரைக்குக் குறைவே இல்லை. மாஸ்டர் எனப்படும் பயிற்சியாளரும் சொல்கிறார், பக்கத்தில் எடை தூக்கும் தம்பியும் சொல்கிறார். ஆனால், சொல்வதற்கு முன் எதிரில் நிற்பவரின் உடல்நிலையைக் கேட்டறியும் பழக்கம் ஏறக்குறைய யாரிடமும் இல்லை. இதைப் பற்றியே தங்கள் நாளிதழ் வழியாக எழுத விரும்புகிறேன்.

பல கூடங்களில் சேர்க்கைப் படிவம் பெயர், கைபேசி எண், கட்டணம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. கனடாவில் 1970-களில் உருவாகிப் பின்னர் பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்த, ஏழே கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. இதயக் கோளாறு இருப்பதாக மருத்துவர் எப்போதாவது சொன்னாரா, உடலை வருத்தும்போது நெஞ்சு வலிக்கிறதா, சும்மா இருக்கும்போது கடந்த ஒரு மாதத்தில் நெஞ்சுவலி வந்ததா, தலைசுற்றித் தடுமாறுவதோ நினைவிழப்பதோ உண்டா, எலும்பிலோ மூட்டிலோ தொல்லை உண்டா, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து உட்கொள்கிறீர்களா, உடற்பயிற்சி கூடாது என்பதற்கு வேறு காரணம் ஏதும் தெரியுமா என்பவையே அவை. இவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். பதில் வாங்க ஐந்து நிமிடம் போதும். ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால், மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வதே முறை.

இது வெறும் சடங்கு அல்ல என்பதற்கு, கூடத்தில் அன்றாடம் காதில் விழும் அறிவுரைகளே சான்று. காலையில் வெறும் வயிற்றோடு டிரெட்மில்லில் ஓடினால் கொழுப்பு சீக்கிரம் கரையும் என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொல்கிறார். கேட்பவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளை உட்கொள்பவராகவோ இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கி அவர் மயங்கி விழக்கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதையே உச்ச இதயத்துடிப்பாகக் கொண்டு, அதில் இத்தனை விழுக்காடு வரை இதயத்துடிப்பை ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார் இன்னொருவர். இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து உட்கொள்பவருக்கு, எவ்வளவு முயன்றாலும் துடிப்பு அந்த எண்ணைத் தொடாது. எண்ணைத் துரத்திக்கொண்டு அவர் தம் சக்திக்கு மீறி ஓடுவார். பழகிய பளுதூக்கும் வீரர் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கிக்கொள்வதில் பயன் இருக்கிறது. அதையே இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத ஐம்பது வயதுக்காரர் செய்தால், அந்த நொடியில் அழுத்தம் மிகக் கடுமையாக உயரும். அறிவுரை சொன்னவர் யாரும் பொய் சொல்லவில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. தமக்குச் சரிப்பட்டது பிறருக்கும் சரிப்படும் என்று நம்பியதுதான் பிழை.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளிலேயே கசக்கிப் பிழியும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'வலி எடுத்தாத்தான் பாடி ஏறும்' என்பது கூடங்களில் வேதவாக்காகிவிட்டது. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் ஒன்று முதல் மூன்று நாள் வரை தசைகளில் மந்தமான வலி இருப்பது இயல்புதான். ஆனால், அதுவே பயிற்சி பலித்ததற்கு அளவுகோல் ஆகாது, மூட்டில் சுரீரென்று குத்தும் வலியோ முற்றிலும் வேறானது. அளவு மீறி வேலை வாங்கப்பட்ட தசைகள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை ஒன்று உண்டு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதும், கை கால் வீங்கி வலுவிழப்பதும் அதன் அறிகுறிகள். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எத்தனை பயிற்சியாளர்கள் தம் மாணவர்களிடம் சொல்லி வைக்கிறார்கள்?

உடன் பயிற்சி செய்வோரின் துணையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பலகையில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தலைமாட்டில் நின்று கம்பியைத் தாங்கிக் கொடுப்பதும், எடைத் தட்டுகளுக்குப் பூட்டு போட மறந்தவரை எச்சரிப்பதும், வராத நாளில் கைபேசியில் அழைத்து விசாரிப்பதும் எந்தப் பயிற்சியாளரும் முழுமையாகச் செய்ய முடியாத உதவிகள். கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைச் சுட்டிக்காட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. உணவு, மருந்து, பழைய காயம் ஆகியவற்றில் தீர்ப்புச் சொல்வதற்குத்தான் அவர்கள் தயங்க வேண்டும் என்கிறேன்.

வாய்வழியாகப் பரவும் விதிகளில் பல, சோதித்துப் பார்க்கப்படாமலே நிலைத்துவிட்டவை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியைச் செய்யும்போது முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டளையிடுகிறார்கள். முழங்காலை அப்படித் தடுத்து நிறுத்தினால் முழங்காலின் சுமை குறைகிறது என்றாலும், இடுப்பின் மீது விழும் சுமை பன்மடங்கு கூடுகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தொடை நீளமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே நிலை பொருந்தாது. வயிற்றுப் பயிற்சியை மட்டும் நூற்றுக்கணக்கில் செய்தால் தொப்பை கரையும் என்பதும் அப்படிப்பட்ட நம்பிக்கையே. பெண்களிடம் எடை தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவீர்கள் என்று சொல்லி டிரெட்மில்லோடு நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்பு வேகமாகத் தேய்வதால், முறையான எடைப் பயிற்சியால் பெரிதும் பயன் பெறக்கூடியவர்களே அவர்கள். தசையை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு பரிந்துரை, ஆண் பெண் இருவருக்கும் பொதுவானது.

அறிவுரையோடு வியாபாரம் கலக்கும்போது நிலைமை மேலும் மோசமாகிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கையில் கொடுக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. விற்பனையில் கமிஷன் கிடைக்கும் இடத்தில் அவர் சொல்வது அறிவுரையா, விளம்பரமா என்பதை உறுப்பினரால் பிரித்தறிய முடியாது. உடலை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. முட்டையும் மீனும் பருப்பும் சுண்டலும் பாலும் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. இதைவிடக் கொடுமை, மருத்துவர் சீட்டு இல்லாமல் தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும்படி இளைஞர்களைத் தூண்டுவது. அது கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது, விந்தணு உற்பத்தியையும் பாதிக்கிறது. அப்படித் தூண்டுகிறவர் பயிற்சியாளராக இருந்தாலும் நண்பராக இருந்தாலும், கூடத்தின் உரிமையாளர் அவரை உடனே வெளியேற்ற வேண்டும்.

பயிற்சியாளர்களை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. குறைந்த சம்பளத்துக்கு அதிகாலையிலும் மாலையிலும் நின்று வேலை செய்யும் இவர்களில் பலர், தாமே எடை தூக்கி உடலைத் தேற்றிய அனுபவத்தை மட்டும் நம்பி இத்தொழிலுக்கு வந்தவர்கள். கற்றுக்கொடுக்க இடம் இல்லாத மாநிலமும் அல்ல நம்முடையது. இந்தியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பால் தொடங்கப்பட்டது, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. வேலையில் இருக்கும் பயிற்சியாளர்கள் வருமானத்தை இழக்காமல் படிக்கும் வகையில், மாவட்டந்தோறும் பகல் நேரத்தில் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளைத் தமிழில் நடத்துமாறு இப்பல்கலைக்கழகத்தையும் விளையாட்டுத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கான பயிற்சி முறைகளோடு, மயங்கி விழுந்து மூச்சின்றிக் கிடப்பவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும் உயிர்காப்பு முறையும் அதில் இடம்பெற வேண்டும். கட்டண விவரத்துக்குப் பக்கத்தில் பயிற்சியாளரின் தகுதியையும் சுவரில் எழுதி வைக்கச் செய்து, சேர்க்கைப் படிவத்தில் மேலே சொன்ன ஏழு கேள்விகளும் இருக்கின்றனவா என்பதைத் தொழில் உரிமம் வழங்கும்போதே உள்ளாட்சி அமைப்புகள் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.