மூன்றாவது கம்பிக்குக் கரண்ட் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை சாயங்காலம், கோவை கணபதியில் என் வாடகை வீட்டு ஷெட்டில் இரும்பைக் கடையும் பழைய லேத் ஒருவழியாகச் சுற்றியது. வீட்டில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ், அதாவது இரண்டே கம்பி. லேத்தில் இருப்பது 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார்; அதற்கு மூன்று கம்பியிலும் கரண்ட் வர வேண்டும். லைன் மாற்ற வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றும் வி.எஃப்.டி. பெட்டி வாங்கலாம்தான்; ஆனால் டிரில்லிங் மிஷினுக்கும் கிரைண்டருக்கும் தனித்தனியாக யார் வாங்குவது? அதனால் இன்னொரு த்ரீ ஃபேஸ் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு, அதிலிருந்து மூன்றாவது கம்பிக்குக் கரண்ட் எடுப்பதென்று முடிவு செய்தேன்.

வைண்டிங் கடை அண்ணா, உக்கடத்தில் நான் பழைய இரும்பாக எடுத்து வந்த 3 எச்.பி. மோட்டாருக்கு பேரிங் மாற்றிக் கொடுத்துக் கூலியும் வாங்கவில்லை நீங்கள். டெர்மினல் பெட்டியைத் திறந்து, "415 வோல்ட் ஸ்டார் தம்பி இது. டெல்டா போட்டுட்டா வீட்டுக் கரண்டே ஒவ்வொரு காயிலுக்கும் சரியா இருக்கும்" என்றீர்களே, அதோடு வோல்ட்டை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம். (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரண்டு விதங்கள்.) லேத் மோட்டாரிலும் காயில்களை இணைக்கும் பித்தளை லிங்க்குகளை அப்படியே மாற்றிவிட்டேன்.

சூலூர்ப் பெரியப்பா, இரண்டு ஃபேஸ் மட்டும் வந்த காலத்தில் கன்டென்சர் போட்டுக் கிணற்று மோட்டார் ஓட்டியவர். "தானா கிளம்பாது கண்ணு, உறுமிட்டே நிக்கும். சுத்தி விட்டுட்டா மூணாவது கம்பியில அதுவே கரண்ட் உண்டாக்கிக்கும்" என்றபோது நான் நம்பவில்லை. புல்லியில் தாம்புக் கயிற்றைச் சுற்றி நீங்கள் இழுக்க, வேகம் பிடித்ததும் நான் சுவிட்சைப் போட, மூன்றாவது கம்பியில் மீட்டர் காட்டியது 208 வோல்ட்! ஓடும்போது இணைந்தே இருக்கும் ரன் கன்டென்சரைச் சேர்த்ததும் 226.

அப்புறம் கயிறு வேண்டாமென்று, பட்டனை அழுத்தினால் மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் கன்டென்சர் மாட்டினேன். ஓரிரு நொடியில் பட்டனை விட வேண்டும். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே அழுத்தி நின்றேன். பட்டென்று வெடித்து ஷெட் முழுக்கப் புகை. மணல் வாளியோடு ஓடி வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தனி நன்றி. திட்டியதற்கும் சேர்த்துத்தான்.

லேத்தில் கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) படபடவென்று அடித்ததே, அதை ஒரே பார்வையில் பிடித்தவர் எலக்ட்ரீஷியன் நண்பர். அந்த சுவிட்சின் காயிலுக்கு, சுமை ஏறினால் வோல்ட் இறங்கிவிடும் அந்த மூன்றாவது கம்பியிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தேன். நேராக லைனிலிருந்து மாற்றிக் கொடுத்து, எர்த்தும் அடித்துவிட்டுத்தான் டீ குடித்தார்.

பெரியம்மா, உங்கள் தாம்புக் கயிறு இன்னும் இங்கேதான் கிடக்கிறது. கிரீஸ் கறை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுக் கயிறு வாங்கி வருகிறேன்.