பயிற்சியில் ஒரு வகுப்பு, பள்ளியில் ஐந்து வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததும் கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கத்துப் பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளையை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்கலாமா, இல்லை டிகிரி முடித்து பி.எட். போகட்டுமா?" எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று முதல் ஐந்து வரை என்றால் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம்தான். பி.எட். முடித்தவர்களும் அந்த வகுப்புகளுக்கு வரலாம் என்று 2018இல் தந்த வாய்ப்பு, 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்துபோனது. ஆனாலும் "பி.எட். எல்லாத்துக்கும் செல்லும்" என்ற பேச்சு மட்டும் ஊரில் ஓயவில்லை.

சேர்வதற்குப் பிளஸ் டூவில் 50 விழுக்காடு வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. கடலூர் மாவட்டத்துக்கு வடலூரிலும் புதுவைக்கு லாஸ்பேட்டையிலும் அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. தனியாரிடம் போகிறவர்கள் கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் முன், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரு பிரிவுக்கு 50 இடம் என்பது விதி. எத்தனை பிரிவுக்கு அனுமதி, அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள்.

பட்டயம் கையில் வந்தாலும் வேலை வந்துவிடாது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதித் தேற வேண்டும். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளிலும் 30 கேள்வி வீதம் மொத்தம் 150. ஒருமுறை தேறினால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். தமிழ்நாட்டில் 2018இல் வந்த அரசாணைப்படி, அதற்குப் பிறகும் நியமனத்துக்கென்று தனிப் போட்டித் தேர்வு இருக்கிறது. அதில் கட்டாயத் தமிழ்ப் பகுதியில் 50க்கு 20 எடுக்காதவர்கள் மீதித் தாளை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை. ஆங்கில வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஏற்கெனவே வேலையில் இருந்து, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களுக்கும் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்லிவிட்டதால், இப்போது ஆசிரியர்கள் கூடுகிற இடமெல்லாம் கொள்குறி வினாத்தாளும் கையுமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் தேர்வுச் சமாச்சாரம். இந்தப் பரபரப்புக்கு நடுவே பயிற்சியின் உயிர்ப்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டாண்டில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது தேசியக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதி. முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். அந்த நாள்களில் 90 விழுக்காடு வருகையும் கட்டாயம். காகிதத்தில் குறை இல்லை. நடப்பது வேறு. பேருந்து வசதி பார்த்துப் பெரிய ஊர்ப் பள்ளியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே மாணவ ஆசிரியருக்கு நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ கிடைக்கிறது, பிள்ளைகள் சொன்னபடி உட்காருவார்கள் என்பதால். ஒன்றாம் வகுப்பைத் தர வகுப்பாசிரியருக்கு மனம் வருவதில்லை. கேட்கிற துணிவு பயிற்சிக்கு வந்தவருக்கும் இருப்பதில்லை. பாடக் குறிப்பேடு, சார்ட், தெர்மாகோல் மாதிரி, ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை என்று வாரங்கள் ஓடிவிடும். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பையும், எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு மிச்சமிருந்தால் அதையும் இவர்கள் தலையில் கட்டுவது தனிக் கதை.

பிறகு வேலை கிடைக்கிறது. எங்கே? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் நாலையும் ஐந்தையும் எடுத்துக்கொண்டால், புதிதாக வந்தவர் கையில் ஒன்று, இரண்டு, மூன்று ஒரே அறையில். அவர் பயிற்சியில் எழுதிய பாடக் குறிப்பு அத்தனையும் ஒரே வகுப்புக்கு, ஒரே பாடத்துக்கு, 40 நிமிடத்துக்கு எழுதியது. இங்கே அது ஒரு நாள்கூடத் தாங்காது.

மூன்று வகுப்பு அறையில் முதலில் யாரிடம் போவது என்பதே ஒரு வித்தை. புதியவர்கள் ஒன்றாம் வகுப்பு அழுகிறதே என்று அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் மற்ற இரண்டும் சந்தைக்கடை. தனியாக அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் கூட்டத்துக்கு முதலில் வேலை கொடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பை இருவர் இருவராக வாசிக்க வைத்து, இரண்டாம் வகுப்புக்குச் சிலேட்டில் நாலு சொல் கொடுத்து, அதன் பிறகு ஒன்றாம் வகுப்போடு 15 நிமிடம் தரையில் உட்கார வேண்டும். சிலேட்டு வேலை முடிந்தால் அடுத்து என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் "டீச்சர், முடிச்சிட்டேன்" என்று ஒன்பது பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்வார்கள். தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலையையும் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒப்பிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் முதல் நிலையான அரும்பில் இருக்கலாம் என்பதும், எந்தப் பிள்ளை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் பிள்ளை அருகில் உட்கார்ந்தால்தான் பிடிபடும்.

வாசிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 247 எழுத்தையும் அ முதல் வரிசையாகப் பாட்டுப்போல் சொல்லும் பிள்ளை 'படம்' என்று எழுதினால் விழிக்கும். ட, ப, ம மூன்றையும் முதலில் எடுத்துப் புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் படிக்கலாம். அடுத்து ஆகாரம், இகரம் எளிது, குறி மாறாது. இடறும் இடம் உகரம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி வளைகின்றன. ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்குகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு வேறு மாதிரி. ஒரே ஒலிக்கு மூன்று வடிவம். இதைச் சொல்லாமல் 'க, கா, கி, கீ, கு' என்று 18 வரிசையும் எழுதிவரச் சொன்னால், பிள்ளை 'கு'வைப் பார்த்து 'பு'வுக்கும் சுழி போட்டுவரும். அது பிள்ளையின் மந்தம் என்று ரெக்கார்டில் ஏறும். மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டம் நிலைத்தபின் அடுத்ததைத் தொட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் வராது. 'கொ'வும் அப்படித்தான்: கண் முதலில் கொம்பைப் பார்ப்பதால் 'கெ' என்று தொடங்கித் துணைக்காலை விட்டுவிடும். இது கவனக்குறைவு ஆகாது.

பழத்தைப் 'பளம்' என்று எழுதும் பிள்ளையை அடிக்கோடிட்டுத் திருத்துவதில் பயனில்லை. வீட்டில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. வாயில் வராத ஒலியைக் கையில் எதிர்பார்க்கிறோம்.

கணக்கில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. ஏழில் இரண்டு போனால் ஐந்து என்று பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்ற பழைய சொல்லால் தீராது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சி ஐந்து கட்டு, உதிரி இரண்டு. ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் உதிரி 12, கட்டு 4. இதையே அழகாகச் சார்ட்டில் வரைந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். சார்ட்டில் வரைந்த கட்டை எப்படி அவிழ்ப்பது?

ஆகவே கேட்பது இவைதான். இரண்டாமாண்டின் 16 வாரத்தில் 8 வாரத்தை ஒன்று, இரண்டாம் வகுப்புக்கென்று ஒதுக்க வேண்டும். அதில் பாதியாவது குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து இரட்டை ஆசிரியர் பள்ளியில் கழிய வேண்டும். சார்ட்டுகளின் எண்ணிக்கைக்குப் பதில், ஐந்து பிள்ளைகள் வாரம் ஒருமுறை வாசித்தபோது செய்த பிழைகளின் குறிப்பை மதிப்பிட வேண்டும். புதுவை அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன, எல்லையோரத்தில் படிப்பவர்களுக்கு இரு பக்கப் புத்தகங்களையும் கையாளப் பயிற்சி தர வேண்டும். பள்ளிப் பயிற்சியை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். கடலூரில் அந்த மாதங்களில் மழை விடுமுறை எத்தனை நாள் என்று கலெக்டருக்கே முன்கூட்டித் தெரியாது. ஜூலையில் தொடங்கினால், ஒன்றாம் வகுப்பு அழுகை நின்று முதல் சொல்லைப் படிக்கும் வாரத்தையும் மாணவ ஆசிரியர் நேரில் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற ஆசிரியப் பயிற்றுநர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.